நிரம்பிய போத்தல்

லோஷினியின் தண்ணீர் போத்தல்
காலையில் எப்படிப் போனதோ
அப்படியே திரும்பி வரும்.
கழுத்துவரை தண்ணீர்.
மூடியில் நான் ஒட்டிய பெயர்கூட நனையாமல்.

முதல் வாரம் மறதி என்றேன்.
இரண்டாம் வாரம் திட்டினேன்.
மூன்றாம் வாரம் காய்ச்சல்.
ஜெலுத்தோங் கிளினிக்கில்
அவள் பிடித்துத் தந்த சிறுநீர்
தே-ஓ நிறத்தில் இருந்தது.
"பள்ளியில் போவதே இல்லையா?" என்றார் டாக்டர்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் சுவரில் ஒட்டியிருந்த
டெங்கிக் கொசுவைப் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது சொன்னாள்:
நாலு கதவும்மா, ஒண்ணுலயும் தாழ்ப்பாள் இல்ல.
ஒரு கையால கதவப் பிடிக்கணும்
ஒரு கையால பினாஃபோரப் பிடிக்கணும்
வாளிய எந்தக் கையால தூக்க?

ஏழு வயதுக் கணக்கு.
இரண்டு கை, மூன்று வேலை.
விடை:
தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

"அடக்கமான பிள்ளை" என்று
போன தவணை அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.
அதை நான் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன்.

பாயான் லெப்பாஸில் எனக்கு இரவு ஷிப்ட்.
வெளியே போக வேண்டுமென்றால்
சூப்பர்வைசரிடம் அட்டை வாங்க வேண்டும்.
பதினொரு வருடம்.
அடக்கி அடக்கிப் பழகிய உடம்பு.
கேட்காமலே அதை
மகளுக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறேன்.

தலைமையாசிரியை நல்லவர்.
இலாகாவுக்கு எழுதிய கடிதங்களைக் காட்டினார், மூன்று.
வந்த பதிலைக் காட்டினார், ஒன்று.
கவனத்தில் கொள்ளப்பட்டதாம்.
வெளியே சுவருக்குப் புதுச் சாயம்.
நீல உருண்டை, அதைச் சுற்றிக்
கைகோத்து நிற்கும் பிள்ளைகள்.
எந்தக் கதவையும் பிடிக்க வேண்டாத கைகள்.

ஹோக் செங் கடையில்
தாழ்ப்பாள் ஒன்று ஆறு வெள்ளி எண்பது காசு.
நாலு வாங்கினேன்.
இருபத்தேழு வெள்ளி கொடுத்துவிட்டு
சில்லறை தேடினேன். பள்ளிக்கூடத்துக்கா,
இருபது காசு வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை கோத்தோங் ரோயோங்.
மழை, ஆறு பேர்தான் வந்தோம்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தேவேந்திரன்
ட்ரில் கொண்டு வந்திருந்தார்.
தன் நெஞ்சு உயரத்துக்கு அளந்து
நாலையும் பொருத்தினார்.
போட்டுப் பார்த்தோம், எடுத்துப் பார்த்தோம்.
கச்சிதம். ஒருவர் கைகூடத் தட்டினார்.

லோஷினி உள்ளே போனாள்.
கதவு மூடியது.
தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை.
கதவுக்கடியில் அவள் வெள்ளைச் சப்பாத்து
குதிகால் உயர்ந்து
இன்னும் உயர்ந்து
இறங்கியது.

யாரும் பேசவில்லை.
மரத்தூள் சூடு மட்டும் மணந்தது.

பிறகு தேவேந்திரன் முட்டி போட்டு உட்கார்ந்து
"கையை வையிம்மா, எங்க சுலபமோ அங்க" என்றார்.
வைத்தாள்.
விரலைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு.

மேலே விட்டுப்போன ஓட்டைகளை
அப்படியே விடலாம் என்றார் ஒருவர்.
துப்புரவு வேலை பார்க்கும் மரகதம்
துடைப்பத்தை ஊன்றி நின்றாள்.
"ஓட்டையும் ஒரு கண்ணுதான் சார்."
பசை குழைத்து எல்லாவற்றையும் அடைத்தோம்.
பதினாறு.

(பையன்கள் பக்கம் கதவே கிடையாது.
அது அடுத்த சனிக்கு.)

திங்கட்கிழமை போத்தல் வரவில்லை.
குழாயடியில் மறந்து வைத்துவிட்டாளாம்,
இரண்டாம் முறை நிரப்பப் போன இடத்தில்.
திட்டவில்லை.

அன்று இரவு ஷிப்டில்
நானும் இரண்டு முறை எழுந்து
அட்டை கேட்டேன்.
சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தாள்.

பார்க்கட்டும்.